உறை பிரிக்காத ஆறு டேப்லெட்டுகள்

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் பெட்டிக்குள், மடித்த சட்டைகளுக்கு நடுவில் செருகி வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ சரவாக் போய்ச் சேர்ந்து, கப்பிட்டில் படகை விட்டு இறங்கி, ஆசிரியர் விடுதியில் பெட்டியைத் திறக்கும்போது படித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். ஆனால் நீ பெட்டியையே கட்டவில்லையே! ஞாயிற்றுக்கிழமை செனாயில் விமானம். இன்று புதன். பெட்டி அலமாரிக்கு மேலே தூசியோடு கிடக்கிறது, நீ சோபாவில் கிடக்கிறாய். ஆகவே கடிதத்தை ரிமோட்டுக்கு அடியில் வைக்கிறேன். அங்கே வைத்தால் உன் கைக்குக் கிடைக்காமல் போகாது.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். பேசிப் பார்த்தோமே, போன சனிக்கிழமை. "சிங்கப்பூர்ல என் கூட்டாளி வேலை செய்யற கிடங்குல ஆள் எடுக்கறாங்க. நான் அங்க போறேன். சரவாக் போகல," என்றாய். அப்பா கோழி எலும்பைக் கடித்தவர் கடித்தபடியே நின்றுவிட்டார். "அஞ்சு வருஷம் வாத்தியாருக்குப் படிச்சிட்டா?" என்று அவர் கேட்டதும் நீ சுவரைக் கையால் காட்டினாய். அங்கே என் மாநாட்டுச் சான்றிதழ், தங்கக்கரை சட்டத்துக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில். "நான் வாத்தியாரா எழுதின முதல் பாடம் அது. நடக்காத பாடம். அதுக்கு அம்மாவுக்குப் பரிசு குடுத்திருக்காங்க, நீங்க ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க. இதான் இந்த வேலைன்னா எனக்கு வேணாம் லா." நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்திரங்களை ஊருக்கே கேட்கிற மாதிரி கழுவினேன். முப்பத்தொரு வருஷமாக மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி, எனக்கு மெதுவாகப் பேசவே வராமல் போய்விட்டது. எழுதினால்தான் குரல் தணிகிறது.

நீ சொன்னதில் தவறு இல்லை. ஆனால் பாதிக்கதைதான் உனக்குத் தெரியும். மீதிக்கதையை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால், உனக்குத் தெரிந்த பாதியையே கொஞ்சம் ஒழுங்காகச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் நான் சிலவற்றை மறைத்திருக்கிறேன்.

அந்த ஆறு டேப்லெட்டுகளும் எங்கள் பள்ளிக்கு நன்கொடையாக வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த அன்றே ஒவ்வொன்றின் முதுகிலும் சொத்து எண் ஒட்டினேன், பதிவேட்டில் ஏற்றினேன், இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன், சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவற்றுக்கு ஒரு கீறல் கூட விழவில்லை. பிள்ளைகள் தொட்டால்தானே கீறல் விழும்! சிரிக்காதே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், சுவரில் படம் காட்டும் கருவியின் விளக்கு என் கையில் உடைந்தது. அந்த ஒரு விளக்குக்காக நான் எழுதிய விளக்கக் கடிதங்களை அடுக்கி வைத்து அதன்மேல் ஏறி நின்றிருந்தால், கருவியே வேண்டாம், கையாலேயே சுவரில் படம் வரைந்திருக்கலாம். அன்றிலிருந்து பள்ளிக்குப் புதிதாக எது வந்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது பூட்டுத்தான்.

பள்ளியில் மட்டுமா? நம் வீட்டுச் சோபா உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்றாம் ஆண்டில் இருக்கும்போது வாங்கியது. அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தபோது நீ இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம். மத்தியான வேளையில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து எழுந்தால் சர்ரென்று சத்தம் வரும். உன் தொடைத்தோலில் பாதி அந்தச் சோபாவில்தான் இருக்கிறது. அப்பா வாங்கிய முதல் காரில் கதவுப் பிளாஸ்டிக்கை நான் பிரிக்கவே விடவில்லை. கடைசியில் காரை விற்றபோது, வாங்கியவன் நம் கண்ணெதிரிலேயே நின்று பிரித்தான். அப்பா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. புதுப்பொருள் புதிதாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கடைசி வரை அதை யாருடையதோ போல வைத்திருக்கிற புத்தி எனக்கு.

எங்கள் தலைமையாசிரியரை உனக்குத் தெரியும். நல்ல மனிதர். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்குத் தன் கைக்காசில் நாசி லெமாக் வாங்கித் தருகிறவர். அவருக்கு ஒரே ஒரு வியாதி: ஆதாரம். எது நடந்தாலும் பதாகை கட்டி, வரிசையாக நிற்க வைத்து, கட்டைவிரலைத் தூக்கச் சொல்லிப் படம் எடுக்க வேண்டும். கழிவறைக் குழாயைப் பழுது பார்த்ததற்குக் கூட எங்களிடம் படம் இருக்கிறது. குழாய்க்காரர் உட்பட ஏழு கட்டைவிரல்கள். படம் இல்லையென்றால் அது நடக்கவில்லை. படம் இருந்தால் நடந்துவிட்டது. இந்த வேலையில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் பழகிவிட்டோம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தொழில்நுட்பத்தைக் கொண்டு நடத்திய புதுமையான பாடம் ஒன்றைப் பற்றி ஒரு பக்க அறிக்கை, படத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள். சார் என் வகுப்புக்கு ஓடி வந்தார். "டீச்சர், அந்த டேப்லெட்ட எடுங்க, பிள்ளைங்க கையில குடுங்க. ரெண்டு படம் போதும்." நான், "சார்ஜ் இல்ல சார்," என்றேன். "படத்துல சார்ஜ் தெரியாது டீச்சர்," என்றார். பதினொரு பிள்ளைகளில் ஆறு பேரை உட்கார வைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். தாரணி என்று ஒரு பெண், வாயாடி, "டீச்சர், எத பாக்கறது?" என்று கேட்டாள். "சும்மா பாரும்மா," என்றேன். பார்த்தார்கள். அடேயப்பா, என்ன அமைதி, என்ன கவனம்! ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கைரேகைகளைத் துடைத்து மறுபடி பூட்டினேன்.

அன்று மாலை உன்னிடம் வந்தேன். நீ படிப்பை முடித்துவிட்டு வேலைக் கடிதத்துக்காகக் காத்திருந்த நேரம். "என்ன பாடம் நடத்துனீங்க?" என்று கேட்டாய். "நடத்துன மாதிரி எழுது," என்றேன். மாட்டேன் என்றாய். என் கண் மங்குகிறது என்றேன், முதுகு வலிக்கிறது என்றேன், உன்னைத் தட்டச்சு வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டது யார் என்று கேட்டேன், கடைசியில் உன் எதிரில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன். அந்தப் பெருமூச்சை உன் அப்பாவே தாங்க மாட்டார், நீ எம்மாத்திரம்? கால்மணி நேரத்தில் எழுதி, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாய். நான் அதைப் படிக்கக்கூட இல்லை, தம்பி. ஒரு பக்கத்துக்குள் அடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அடங்கியிருந்தது.

இது முதல் தடவையும் இல்லை. நீ நான்காம் ஆண்டு படிக்கும்போது வாசிப்புப் பதிவேடு ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? டீச்சர் பிள்ளை முதலாவதாக வர வேண்டும் என்று, நீ படிக்காத புத்தகங்களின் பெயர்களை நான் சொல்லச் சொல்ல உன்னை எழுத வைத்தேன். உனக்குப் பதக்கம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அதைக் கழற்றாமலேயே, "மா, இந்தப் புக்கெல்லாம் எப்ப படிப்போம்?" என்று கேட்டாய். ஏதோ ஒரு பள்ளி விடுமுறையைச் சொல்லி வைத்தேன். அந்த விடுமுறையில் நாம் மெர்சிங் போய்க் கடலில் குளித்துவிட்டு வந்தோம். அந்தக் கேள்வி மட்டும் என் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது. இருந்தும் அதே உன்னிடம் அதே வேலையை இரண்டாவது முறை வாங்கினேன். மன்னித்துவிடு என்று அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

உன் அறிக்கை மேலே போயிற்று. மேலே இருப்பவர்களுக்குப் பிடித்துப்போய், எல்லா ஆசிரியர்களின் வாட்சாப் குழுக்களிலும் மாதிரி என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு ஜொகூர் பாருவில் மாநாடு, தொழில்நுட்பத்தோடு கற்பதும் கற்பிப்பதும் பற்றி, இரண்டு நாள், ஓட்டலில். அதில் நான் பேச வேண்டுமாம்! சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. திரையில் காட்டப் படவில்லைகள் செய்து தரச் சொல்லி உன்னிடம் கேட்டபோது நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாய். நானே செய்தேன். ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னணியாக அந்த ஒரே படத்தைப் பெரிதாக்கிப் போட்டேன், பார்க்க நிறைவாக இருக்குமே என்று.

மாநாட்டில் முதல் சோதனை வாசலிலேயே. வருகையைப் பதிய, ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைப் போன் கேமராவில் படம் பிடிக்க வேண்டும். என் போனில் பிடிக்கவில்லை. எல்லாம் புகைமூட்டமாகத் தெரிந்தது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. மேசையில் இருந்த சின்னப் பெண் என் போனை வாங்கித் திருப்பிப் பார்த்து, "அலமாக், டீச்சர்!" என்று வாயைப் பிளந்தாள். நகத்தால் கேமராக் கண்ணாடிமேல் இருந்து எதையோ உரித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக். மூன்று வருஷமாக அதன் வழியாகத்தான் உலகத்தையே படம் எடுத்திருக்கிறேன். உன் பட்டமளிப்பு விழாப் படமெல்லாம் கனவுக்காட்சி மாதிரி இருக்கிறது என்று அப்பா பாராட்டினாரே, காரணம் இதுதான்.

உள்ளே குளிர் என்றால் குளிர், மீனை வைத்திருந்தால் ஒரு வாரம் கெடாது. பெரிய பேச்சாளர் ஒருவர், இனிமேல் வகுப்பறையில் எந்திரங்கள் எதையெல்லாம் தாமே செய்துவிடும் என்று அழகாகப் பேசினார். அவர் கையில் இருந்த, பக்கம் மாற்றும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும், "அடுத்தது... அடுத்தது... ஒன்று பின்னால்..." என்று மூலையில் கணினியோடு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு எல்லாரையும் உற்சாகப்படுத்தப் போனில் ஒரு புதிர்ப்போட்டி. அந்த நேரம் பார்த்து அப்பாவிடமிருந்து செய்தி, சம்பல் எங்கே இருக்கிறது என்று. பதிலைத் தட்டி அனுப்பினேன். அனுப்பியது அப்பாவுக்கு இல்லை, போட்டியில் பெயர் கேட்ட பெட்டிக்குள். கேள்விகள் வந்தன, எனக்கு எதுவும் புரியாததால் வந்ததும் வராததுமாக எதையோ அழுத்தினேன். சீக்கிரம் அழுத்துகிறவர்களுக்குப் புள்ளி அதிகமாம். கடைசியில் மேடைத் திரையில், முந்நூறு பேருக்கு முன்னால், நான்காம் இடம்: "பிரிட்ஜில் மேல்தட்டு". அறிவிப்பாளருக்குத் தமிழ் தெரியாது. இந்த ஆசிரியர் எழுந்து கை காட்ட வேண்டும் என்று அவர் மூன்று முறை கூப்பிட்டார். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்த மேசை மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நானும் யார் அது என்று சுற்றிலும் தேடினேன். அப்பா அன்று சம்பல் இல்லாமல்தான் சாப்பிட்டார்.

என் பேச்சு மத்தியானம், சின்ன அறையில், நாற்பது பேர் இருப்பார்கள். சார் முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி. விளக்கை அணைத்தார்கள். சுவர் அளவுக்கு அந்தப் படம் வந்தது. அப்போதுதான், தம்பி, அதை நான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆறு பிள்ளைகள் உயிரைக் கொடுத்துக் கவனிப்பது ஆறு கறுப்புத் திரைகளை. ஒன்றில் மேலே சுற்றும் காற்றாடி தெரிந்தது. ஒன்றில் உறைப் பிளாஸ்டிக் மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. தாரணியின் திரையில், கழுத்தை வளைத்துப் படம் எடுக்கும் சாரே முழுசாகத் தெரிந்தார்! திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். அவசரமாக அடுத்த பக்கத்துக்குப் போனேன். அதிலும் அதே படம். அதற்கு அடுத்ததிலும் அதே படம். ஒன்பது பக்கமும் அந்தக் காற்றாடி என்னைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாராவது கேட்டுவிட்டார்களா? இல்லை. ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் என் திரையைத் தங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவரவர் பள்ளிக்கு ஆதாரம் வேண்டுமே. நீ எழுதியதை எழுத்து எழுத்தாக வாசித்தேன், ஒன்றும் மனதில் ஏறவில்லை. நடுவில் எனக்கே ஊக்கம் வந்து, பிள்ளைகள் எப்படி மகிழ்ந்தார்கள் என்று சொந்தமாகவும் இரண்டு சேர்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள்.

உனக்குத் தெரியாத பாதி இங்கே ஆரம்பிக்கிறது. தேநீர் இடைவேளையில், கையில் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மலாய்க்கார ஆசிரியை என்னைத் தேடி வந்தார். ரோஹானா, மெர்சிங் பக்கத்தில் ஒரு மீனவர் கம்பம், சின்னக் கிராமம், அங்கே உள்ள பள்ளி. அவர் மலாயில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். உன் அறிக்கை வாட்சாப்பில் வந்த அன்றே அவர் தன் பள்ளியில் பூட்டிக் கிடந்த டேப்லெட்டுகளை வெளியே எடுத்திருக்கிறார். நீ எழுதிய படிகள்படி, ஒன்று விடாமல், நான்கு வாரம் நடத்தியிருக்கிறார். இரண்டிரண்டு பேராகப் போய் ஏதாவது ஒரு பொருளை மிகக் கிட்டத்தில், அடையாளம் தெரியாதபடி படம் எடுப்பது. டேப்லெட்டை மாற்றிக்கொண்டு, அது எதைப் போல இருக்கிறது என்று மூன்று வாக்கியம் எழுதுவது. போய்த் தேடித் தொட்டுக் கண்டுபிடிப்பது. கடைசியாக எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பது. படகுக் கயிற்றையும் மீன் செதிலையும் அவருடைய பிள்ளைகள் எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். ஒரு வரி கூட எழுத மாட்டேன் என்றிருந்த பையன் மூன்று வாக்கியம் எழுதியதையும் காட்டினார். நீ கோபத்தில் கால்மணி நேரத்தில் கிறுக்கிய பாடம், தம்பி! அதை நான் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்டது அந்த அம்மாளின் வாயிலிருந்துதான்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை டீச்சர். என் பிள்ளைகள் ஓடுகிறார்கள், கத்துகிறார்கள், வட்டமாக உட்காரவே மாட்டேன் என்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அந்தப் படத்தில் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்! நான்கு வாரமாக அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத்தான் வகுப்பை நடத்தத் தெரியவில்லை போலிருக்கிறது. அவர்களை எப்படி அடக்கினீர்கள்?" பேனாவைத் திறந்து, எழுதத் தயாராக நின்றார்.

எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், அந்த இடத்தில் வரவில்லை. கையில் இருந்த கரிப்பாப் பலகாரத்தைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னேன்: "திரை அணைந்திருந்தது. அதனால்தான் அமைதி. அந்தப் பாடம் எங்கள் பள்ளியில் நடக்கவே இல்லை. எழுதியது என் மகன். அவன் இன்னும் வேலைக்கே போகவில்லை."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எங்கள் வேலையில் இதற்கு எல்லாரும் சிரித்துவிடுவார்கள், நாங்களும் அப்படித்தான் என்பார்கள். ரோஹானா சிரிக்கவில்லை. நோட்டை மூடினார். "நான்கு வாரம் உங்களைப் போல வரவில்லையே என்று வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன் டீச்சர்," என்றார். அவ்வளவுதான். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்கள் மகன் எப்போது வேலைக்குப் போகிறார்?" என்று கேட்டார். அடுத்த மாதம் என்றேன். "போனதும் என்னோடு பேசச் சொல்லுங்கள். கடைசிப் படியில் என்ன செய்வதென்று எழுதியவரிடமே கேட்டுக்கொள்கிறேன்," என்று எண்ணை என் போனில் பதித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நிறைவு விழா. சிறந்த படைப்பு என்று என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் எழாமலாவது இருந்திருக்க வேண்டும். நான் போய் வாங்கினேன். சார் படம் எடுத்தார், நான் கட்டைவிரலைத் தூக்கினேன். ரோஹானா அதற்குள் மெர்சிங் புறப்பட்டுப் போயிருந்தார். எனக்கென்று கொண்டுவந்திருந்த கெரோப்போக் மீன் அப்பளப் பொட்டலத்தை என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அப்பா அதை ஒரே மூச்சில் தின்று தீர்த்தார். எனக்கு ஒன்று கூட இறங்கவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதமாக அந்தச் சான்றிதழைப் பார்த்தால் எனக்கும் உன்னைப் போலத்தான் இருக்கிறது. நான் சொல்லிக்கொள்ளவில்லை, நீ சொன்னாய். அதுதான் வித்தியாசம்.

முந்தாநாள் திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தேன். நீ சனிக்கிழமை பேசியதன் சூடு. பிளாஸ்டிக்கை நானே உரித்தேன், ஆறையும். சார்ஜ் ஏற்றினால் இரண்டுதான் உயிரோடு வந்தன. மற்ற நான்கும் பூட்டுக்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டன. பத்திரமாக வைத்த லட்சணம்! இரண்டை வைத்துக்கொண்டு நேற்று உன் பாடத்தை நடத்தினேன். அப்பப்பா, கூச்சல்! ஒருத்தன் சாரின் கார்ச் சக்கரத்துக்கு அடியில் படுத்துவிட்டான். தாரணி எதையோ எடுத்து மற்ற கூட்டத்திடம் கொடுத்தாள். அவர்கள் எழுதினார்கள்: "இது பழைய துடைப்பம் போல இருக்கிறது. சில இடத்தில் வெள்ளை. எண்ணெய் வாசம் வரும்." பள்ளி முழுக்கத் துடைப்பத்தை அவர்கள் தேடிவிட்டு வந்ததும், கடைசியில் தாரணி கை காட்டினாள். என் கொண்டை! பதினொரு பேரும் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். வட்டமாவது, உட்காருவதாவது! எனக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. பக்கத்து வகுப்பு டீச்சர் என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். யாரும் படம் எடுக்கவில்லை. ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் நடந்தது, தம்பி.

நேற்றுத்தான் உன் அறிக்கையை எடுத்து நிதானமாகப் படித்தேன். அதில் இணையம் தேவைப்படுகிற படி ஒன்று கூட இல்லை. எங்கள் பள்ளியில் லைன் வராது என்று நினைத்து எழுதியிருக்கிறாய். ஆறு டேப்லெட்டுக்குப் பதினொரு பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது, மிஞ்சும் ஒரு பிள்ளை தனியாக நிற்காமல் எந்தக் கூட்டத்தில் சேரும் என்று கூட எழுதியிருக்கிறாய். பொய் எழுதுகிறவனுக்கு அந்த ஒற்றைப் பிள்ளையைப் பற்றி என்ன கவலை? பொய் என்னுடையது. பாடம் உன்னுடையது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு நீ கிடங்கில் பெட்டி தூக்கப் போகாதே. கிடங்கு வேலை கேவலம் என்று சொல்லவில்லை. அப்பா இருபது வருஷம் தொழிற்சாலையில் நின்றுதான் நம்மைக் காப்பாற்றினார். ஆனால் என்மேல் இருக்கிற வெறுப்பில் போகாதே.

உன் வகுப்பும் கத்தும். மழை பெய்தால் கூரைச் சத்தத்தில் நீ பேசுவது உனக்கே கேட்காது. மற்றவர்கள் அனுப்பும் படங்களில் எல்லாப் பிள்ளைகளும் அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்த்து, ரோஹானா அழுதது போல நீ அழாதே. உன்னிடமும் படம் கேட்பார்கள், கொடு, கொடுக்காமல் இந்த வேலையில் இருக்க முடியாது. கத்துகிற பிள்ளைகளையே எடுத்துக் கொடு. மங்கலாக வந்தாலும் பரவாயில்லை.

நான் பேசிக்கொண்டே இருந்தால் நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். பெருமூச்சு விடுகிறவள்தானே என்பாய். அதனால் ஒரு காரியம் செய்யப் போகிறேன். திங்கட்கிழமை காலை எங்கள் பள்ளியில் ஆசிரியர் கூட்டம். சாரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளை சொல்வேன், அவர் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது. பழியை அவர்மேல் போட மாட்டேன், சாவி என் பைக்குள்தான் இருந்தது. கூட்டத்தில் எழுந்து, இந்தக் கடிதத்தை அப்படியே வாசித்து, சான்றிதழை மேசைமேல் வைக்கப் போகிறேன். என்ன நடக்கும் என்று தெரியாது. ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போது மறுபடி விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரலாம். இந்த முறை உன்னை எழுதச் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பயம்தான், தம்பி. முப்பத்தொரு வருஷம் டீச்சர் டீச்சர் என்று மரியாதையாகக் கூப்பிட்ட முகங்களுக்கு முன்னால் நிற்க வேண்டும். அதே திங்கள், அதே காலை, நீ முன்பின் பார்க்காத பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். நீ இங்கேயே இருந்து எனக்குத் துணை வருகிறேன் என்று சொல்லாதே. நீ வாசலில் நின்றால் நான் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். நீ அங்கே போய் நின்றிருக்கிறாய் என்று தெரிந்தால், என் மகன் நிற்கிறானே என்ற ஒரு தைரியத்தில் நானும் எழுந்துவிடுவேன். நீ போகவில்லையென்றால் நான் எழுவேனா என்று என்னைக் கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம் பள்ளி விட்டதும் கூப்பிடு. உன் பிள்ளைகள் அதிகமாகக் கத்தினார்களா, எங்கள் டீச்சர்கள் அதிகமாகக் கத்தினார்களா என்று பேசிக்கொள்ளலாம்.

அம்மா